புதுச்சரக்கு என்றால் பழுதா?

2022-இல் ஐபோன் 14 வெளிவந்த அதே மாதத்திலே, திருப்பெரும்புதூர் வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையில் நம் சகோதரிகள் அதைக் கோத்துக் கொடுத்தார்கள். விலையோ 79,900 ரூபாய்! இத்தகைய புதுக் கைப்பேசியிலே "சிறு குறை இருக்கத்தான் செய்யும்" என்கிறார்களே, பொறுப்பதா நாம்?

இலட்சத்தில் ஒன்று பழுதாகலாம்; மறுக்கவில்லை. வரைபடத்திலேயே பிறந்த குறை வேறு. 2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பற்றிற்று. சுமார் 25 இலட்சம் கருவிகளைத் திரும்பக் கேட்டார்கள். மாற்றித் தந்தவையும் எரிந்தன! ஒருவகைப் பேட்டரியின் மூலையிலே இடம் போதவில்லை, மற்றதிலே பற்றவைப்புப் பிசிறு என்று 2017-இல் அந்நிறுவனமே சொல்லிற்று. திருகாணி முடுக்கிய கையா குற்றவாளி? வெளியீட்டு நாளைக் குறித்துவிட்டுச் சோதிக்கும் வேலையை வாங்குவோன் தலையிலே கட்டுவதா?

தீங்கு நேர்ந்தால், வடிவமைப்புக் குறைக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தோழர்களே!