மேரி எல்லன் ஏவரி (1927–2011)

1952இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு ஏவரியைக் காசநோய் பிடித்தது. நுரையீரல்மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது அந்தப் படுக்கையில்தான்.

அந்நாளில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் பலர் பிறந்த ஓரிரு நாளில் மூச்சுத்திணறி இறந்தனர். பிரேதப் பரிசோதனையில், நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் கண்ணாடி போன்ற படலம் தெரியும். பழியை அதன்மீதே போட்டார்கள். ஏவரி கவனித்ததோ வேறு: அந்த நுரையீரல்களில் நுரையே இல்லை. நுண்ணறைகளின் உட்புற ஈரத்துக்குப் பரப்பு இழுவிசை உண்டு; மூச்சை வெளிவிடும்போது அது அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். அந்த இழுவிசையைத் தளர்த்துவது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப்பூச்சு; நுரை உடையாமல் நிற்பதும் அதனால்தான். முதிராத நுரையீரலில் அது போதாது. ஹார்வர்டில் உடலியலாளர் மீடுடன் இதைக் கண்டறிந்து 1959இல் வெளியிட்டார்.

காரணம் தெரிந்தும் மருந்து வரத் தாமதமாயிற்று. 1963இல் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், இரண்டு நாள்கூட நிறையாமல், இதே நோயால் இறந்தான். 1980இல்தான் ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாராவின் குழுவினர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டனர்.

1974இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார் ஏவரி. அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. தேசிய அறிவியல் பதக்கம் 1991இல் கிடைத்தது.