தொந்தியும் உணவுக்குழாயும்

நெஞ்செரிச்சல் வந்தால் நம் வீடுகளில் முதலில் பழி சுமப்பது மிளகாய், அடுத்தது புளிக்குழம்பு. இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துள்ள கொழுப்பை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் அதற்கும் இதில் பெரும் பங்குண்டு.

தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ளது. அதன் உட்சுவரைத் தட்டையான செல்கள் பல அடுக்குகளாக மூடியுள்ளன. முறுக்குத் துண்டு உராய்ந்து சென்றாலும் அவை தாங்கிக்கொள்ளும். அமிலத்தை நெடுநாள் தாங்கமாட்டா. இரைப்பையோ கெட்டியான சளிப் படலத்தால் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. இவ்விரண்டும் கூடுமிடத்தில் ஒரு சுருக்குத்தசை வாயிற்காவல் புரிகிறது. அதைச் சுற்றி உதரவிதானமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

தொந்தியில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிடக் குடல்களைச் சூழ்ந்துள்ள கொழுப்பே தீயது. அது இரைப்பையை நெருக்குவதால், குனியும்போதும் படுக்கும்போதும் அமிலம் மேலேறுகிறது. நாளடைவில் இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் நழுவிவிடுவதும் உண்டு. அப்போது தசை ஓரிடம், உதரவிதானம் வேறிடம் என்றாகிக் காவல் தளர்ந்துவிடும்.

அமிலம் ஆண்டுக்கணக்கில் பட்டுக்கொண்டேயிருந்தால், சிலருக்குத் தட்டைச் செல்கள் மறைந்து, குடற்செல்களை ஒத்தவை அங்கே வளர்கின்றன. லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950-இல் இத்தகைய குழாயைப் பற்றி எழுதினார்; மேலே இழுக்கப்பட்ட இரைப்பையே அது என்று அவர் கருதினார். பிறர் மறுத்துக் காட்டவே, 1957-இல் அது உணவுக்குழாய்தான் என ஒப்புக்கொண்டார். இம்மாற்றம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது புற்றுநோய்க்கு முற்படியாகலாம். எனினும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. இம்மாற்றம் உடையவர்களில் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் தோன்றுகிறது.

அழுத்தம் மட்டுமே காரணமென்று எண்ணிவிடக் கூடாது. வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கிறது. ஆகவேதான் மொத்த எடையைக் கணக்கில் கொண்ட பின்னரும், பெருத்த இடுப்புக்கும் இம்மாற்றத்துக்கும் தொடர்பு காணப்படுகிறது. ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றிலேயே சேர்வதால், பெண்களைவிட அவர்களிடம் இது மிகுதி. மாணவியரே, தையல் வகுப்பு நாடாவை வீட்டுக்குக் கொண்டுசென்று அப்பாவின் இடுப்பை அளந்து பாருங்கள்! இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை.

எல்லை கடந்தவர்களுக்கு எடைக் குறைப்பே நல்ல மருந்து. இரவு உணவை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துவதும், இடப்புறமாகப் படுப்பதும் அமிலத்தைக் கீழே நிறுத்த உதவும். ஆனால் விழுங்கும்போது உணவு தடைப்பட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ சோடாவும் சீரகத் தண்ணீரும் குடித்துக்கொண்டு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உட்சுவரை நேரிலேயே பார்த்துவிடுவார்.