கழிவுநீர்க் கணக்கில் விடுபட்ட மனிதர்

சிவில் இன்ஜினீயரிங் படிப்பு மாறிவருகிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. 2018-இல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்த கிரெடிட்டை 160 ஆகக் குறைத்து, களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2021-இல் தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை இன்று கட்டட வரைபடம் படிக்கிறது. இவற்றை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால், பாடத்துக்குள் நம் மக்கள் வந்துவிட்டார்களா?

கழிவுநீர்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். குழாயில் கழிவுநீர் விநாடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். அதற்கேற்ற சரிவைக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். வேகம் குறைந்தால் மண்ணும் கசடும் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு உள்ளே இறங்குவது யார்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? ஏன் எப்போதும் அதே தெருவிலிருந்து வருகிறார்? இந்தக் கேள்விகள் கணக்குக்குள் வருவதில்லை. மேன்ஹோல் என்ற பெயரிலேயே, ஒரு மனிதர் இறங்குவார் என்ற முடிவு இருக்கிறது. அந்த மனிதரின் சாதியைச் சமூகம் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது.

பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு, உயிர் போன பிறகு வருவது. உயிர் போகாமல் தடுக்கும் வேலை வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். அது பொறியாளரின் கையில் இருக்கிறது.

முடியாத காரியமல்ல இது. கேரளத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ இயந்திரம், 2018-இல் திருவனந்தபுரத்தில் மனிதருக்குப் பதிலாக மேன்ஹோலுக்குள் இறங்கியது.

நாம் கேட்பவை மூன்று. கழிவுநீர்ப் பாடத்தோடு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எப்படி ஆளைக் கொல்கிறது என்பதையும் நடத்துங்கள். களப்பயிற்சிக்கு மேம்பாலப் பணியிடங்களுக்கு மட்டுமல்ல, நகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவுக்கும் மாணவர்களை அனுப்புங்கள். தூய்மைப் பணியாளர்களே அங்கே ஆசிரியர்களாக இருக்கட்டும். வடிவமைப்புத் தேர்வில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆள் இறங்காமல் இதை எப்படிச் சுத்தம் செய்வாய்?’

மாணவத் தம்பி, தங்கைகளே, பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள்.