தாத்தாவுக்குக் கதிர்ச்சிகிச்சை தேவைதானா?

"எழுபத்தெட்டு வயசாச்சு. இனிமே எதுக்கு இந்தச் சித்திரவதை?" பெரியவர் ஒருவருக்குக் கணையப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். ஜொகூரில் கதிர்ச்சிகிச்சைத் துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவன் என்ற முறையில் இதற்கு என்னால் இயன்ற விளக்கத்தைத் தருகிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 செண்டிமீட்டர் நீளத்தில் அமைந்துள்ள உறுப்பு. அங்கே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் வெளியில் தெரியாது. கண் மஞ்சளாவது, காரணமின்றி உடல் இளைப்பது, முதுகுவரை பாயும் வயிற்றுவலி ஆகியவை தலைகாட்டும்போது பலருக்கு அறுவைச் சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும்.

அந்நிலையில் கதிர்ச்சிகிச்சை நோயை அடியோடு நீக்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2016-இல் வெளிவந்த ஓர் அனைத்துலக ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்ய இயலாதவர்களுக்குக் கீமோவைத் தொடர்ந்து கதிர்ச்சிகிச்சை தந்தும் ஆயுள் கூடவில்லை. ஆனால், கட்டி இருந்த இடத்திலேயே பெருகுவது குறைந்தது. பெரியவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. கணையத்துக்குப் பின்னே ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. தூங்கவிடாத அந்த முதுகுவலிக்கு அதுவே பெரும்பாலும் காரணம். அப்பின்னலுக்கு ஒரே தடவையில் 25 கிரே கதிர் செலுத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. மூன்று வாரத்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலி குறைந்திருந்தது.

எனவே மருத்துவர்கள் பிறந்த ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை. தானாக நடக்கிறாரா, எடை எவ்வளவு குறைந்தது, ஞாபகசக்தி எப்படி, வேறென்ன நோய்கள் என்றெல்லாம் கேட்பார்கள். எழுபதில் படுத்த படுக்கையாய் இருப்பவரும் எண்பதில் கடைக்கு நடந்துபோய்ப் பசியாறி வருபவரும் ஒன்றல்லர்.

அடுத்தது பயணம். ஜொகூரில் இச்சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. சிகாமட்டிலிருந்தோ மெர்சிங்கிலிருந்தோ நூறு கிலோமீட்டருக்கு மேல். வழக்கமான முறையில் வாரத்திற்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் வரவேண்டும். வலிக்கு மட்டும் என்றால் சில தடவைகளே போதும். துல்லியக் கதிர்முறையில் பெரும்பாலும் ஐந்தே தடவை. ஆயினும் கட்டி சிறுகுடலைத் தொட்டிருந்தால் அது எல்லோருக்கும் ஒத்துவராது. மூச்சு விடும்போது கட்டியும் நகர்வதால் குறி பார்ப்பது எளிதன்று.

சோர்வு, குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். கதிர் பாயும்போது வலிக்காது. வெளியிலிருந்து செலுத்தும் இக்கதிர் உடம்பில் தங்குவதுமில்லை. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம். இதை நான் சொல்லாத வாரமே இல்லை!

நோயின் பெயரைப் பெரியவரிடம் மறைத்துவிட்டு, பிள்ளைகளே முடிவெடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலி குறைவதற்காக வாரக்கணக்கில் அலைய அவர் தயாரா என்பதை அவரிடம்தானே கேட்க வேண்டும்? மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அருகில் உட்கார வையுங்கள். சிகிச்சை வலிக்காகவா, கட்டியைக் கட்டுப்படுத்தவா, எத்தனை தடவை வரவேண்டும் என்று கேளுங்கள். சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே சாப்பிட வேண்டாம் என்று சொல்வதுண்டு. அவர் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால் அதை முன்கூட்டியே தாதியிடம் தெரிவித்துவிடுங்கள்.