தயிர்ச் சட்டியின் கனம்

மட்டக்களப்புக்கு வந்துபோகும் உறவினர்கள் ஊர் திரும்பும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்காமல் போவது குறைவு. வாங்குகிறவர் முதலில் சட்டியைத் தூக்கிப் பார்ப்பார். விற்பவர் மூடியிருக்கும் கடதாசியை விலக்கி, "சரிச்சுப் பாருங்க அக்கா, ஒரு சொட்டும் சிந்தாது" என்பார். அதே தயிரைப் பிளாஸ்டிக் கோப்பையில் கொடுத்தால், "என்ன இருந்தாலும் சட்டித் தயிர்போல வராது" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். நாக்கு சொல்வது சரிதானா?

பாதி சரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மேயும் எருமைகளின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு அளவில் இருக்கும். பசும்பாலில் நான்கை ஒட்டித்தான். புரதமும் எருமைப்பாலில் கூடுதல். அதனால் உறை நன்றாக இறுகுகிறது. மெருகு பூசாத மண்சட்டியின் நுண்துளைகள் தயிரிலுள்ள நீரை உறிஞ்சுகின்றன. வெளிப்புறத்தில் அது ஆவியாகும்போது சட்டியும் குளிர்கிறது. நீர் குறையக் குறையத் தயிர் கெட்டியாகிறது. பிளாஸ்டிக்கில் அந்த நீர் போக வழியில்லை.

மற்றப் பாதி கையின் வேலை. 2011இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஸ்பென்ஸும் ஸ்பானிய ஆய்வாளர் பெற்றினா பிக்கெராஸ் ஃபிஸ்மனும் வெளியிட்ட ஆய்வு, நம்மூர்ச் சட்டிக்காகவே செய்ததுபோல இருக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரியான மூன்று கிண்ணங்கள். எடை மட்டும் வேறு வேறு. மூன்றிலும் இருந்தது ஒரே யோகட். கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சுவைத்தவர்கள், கனமான கிண்ணத்தில் இருந்ததே அடர்த்தியானது, விலை கூடியது என்றார்கள். அதையே அதிகம் விரும்பினார்கள். பாத்திரத்தின் கனத்தை மூளை உள்ளிருக்கும் உணவின் கணக்கில் எழுதிவிடுகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. உண்கிற இன்பத்தில் கைக்கும் பங்கு உண்டு. காசு கொடுக்கும் இடத்தில் மட்டும் அது இடறுகிறது.

அங்கே கண்ணும் தவறும். இரண்டு சட்டிகள் அருகருகே இருக்கின்றன. பெரியது அகலத்திலும் உயரத்திலும் சிறியதைவிடக் கால் பங்கு கூட. கண் "கொஞ்சம் பெரிசு" என்று மட்டுமே சொல்லும். ஆனால் கொள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றோடும் சேர்ந்து பெருகும் (வட்டச் சட்டியில் நீளமும் அகலமும் ஒன்றே): ஒன்றேகாலை மூன்று தடவை பெருக்கினால் ஏறத்தாழ இரண்டு. கொஞ்சம் பெரிதாகத் தெரியும் சட்டி கிட்டத்தட்ட இரு மடங்கு தயிர் கொள்ளும். உயரமான கோப்பைக்கும் கண் இப்படியே ஏமாறும். ஆய்வாளர்கள் பிரியா ரகுபீர், ஆராத்னா கிருஷ்ணா இருவரும் 1999இல் காட்டியதுபோல, ஒரே அளவு கொள்ளும் பாத்திரங்களில் ஒடுங்கி உயர்ந்ததே கூடக் கொள்ளும் என்று மக்கள் எண்ணுகிறார்கள். தட்டையான அகலச் சட்டிக்கு அங்கேயும் நட்டம்தான்.

தூக்கிப் பார்த்தால் தெரியாதா? ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதே கைக்குக் கனமாகப் படும் என்பதை பிரெஞ்சு மருத்துவர் ஒகஸ்ரின் ஷர்பான்ரியே 1891இலேயே எழுதிவைத்தார். 2000இல் கனடாவில் ஆய்வாளர்கள் ஃபிளனகனும் பெல்ட்ஸ்னரும் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். இரண்டையும் மாறி மாறிப் பல தடவை தூக்கியபின், இரண்டுக்கும் ஒரே விசை போதும் என்பதை விரல்கள் கற்றுக்கொண்டன. சிறியதே கனம் என்ற எண்ணமோ அப்படியே இருந்தது. சந்தையில் "சின்னன் எண்டாலும் நல்ல பாரம், கட்டித் தயிர்" என்று சொல்லி வாங்குவது பல நேரம் இதனால்தான். சட்டிச் சுவர் எவ்வளவு தடிப்பு என்பதும் வெளியே தெரியாது.

வீட்டில் வெறுஞ்சட்டிகள் கிடந்தால் நன்றாக ஊறவைத்து (காய்ந்த சட்டி தண்ணீரைக் குடித்துவிடும்), லீற்றர் போத்தலால் அளந்து ஊற்றிப் பாருங்கள். அடுத்த முறை விலையை லீற்றருக்கு வகுத்துக் கேட்கலாம். பெரிய சட்டியின் விலை சிறியதைப்போல ஒன்றரை மடங்குதான் என்றால் பெரியதே மலிவு. வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் சின்னதையே எடுங்கள். மூன்றாம் நாள் புளித்துப்போனதை ஊற்றிவிட்டால் மலிவுக்கு அர்த்தமில்லை.