யுத்தகால இங்கிலாந்தில் துணிப் பங்கீடும் ஸ்திரீகளும்

இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கிலாந்து தேசத்தில் ஆகாரத்திற்கு மட்டுமன்றி உடுக்கும் துணிக்கும் பங்கீடு ஏற்பட்டது. 1941-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி தொடங்கிய இம்முறை 1949-ம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ந் தேதியில்தான் நீங்கிற்று. பஞ்சு கப்பலில் வர வேண்டும். ஆலைகளோ படைகளுக்குரிய உடுப்புக்களில் ஈடுபட்டிருந்தன. கடைக்கு வந்த சொற்பத் துணியும் பணமுள்ளவர் கையிலேயே போய்ச் சேராதிருக்கும் பொருட்டு இவ்வேற்பாடு செய்யப்பட்டது.

விலையோடு கூப்பனும் கொடுத்தாலன்றித் துணி கிடையாது. முதல் வருஷத்தில் வயது வந்தவர் ஒவ்வொருவருக்கும் 66 கூப்பன்கள். கம்பளிக் கவுனுக்கு 11, பருத்திக் கவுனுக்கு 7, ஆண்களின் பூட்ஸ் ஜோடிக்கு 7, பெண்களின் காலுறை ஜோடிக்கு 2 என்று கணக்கு.

இதில் ஒரு குறை இருந்ததை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். உயர்ந்த விலையுள்ள கோட்டுக்கும் மட்டமான கோட்டுக்கும் கூப்பன் ஒன்றே. செல்வர் வாங்கியது பல வருஷம் உழைத்தது. ஏழை வாங்கியது சீக்கிரம் நைந்துபோக, அவர் மறுபடியும் கூப்பன் இழக்க நேர்ந்தது. கூப்பன் சமம் என்பதால் பங்கு சமமாகிவிடவில்லை. இதற்குப் பரிகாரமாகச் சர்க்கார், 'யுடிலிடி' முத்திரையிட்ட உறுதியான துணிகளைக் கட்டுப்பாட்டு விலையில் விற்கச் செய்தனர். 1942-ல் அவற்றின்மீது விற்பனை வரியும் நீக்கப்பட்டது.

எஞ்சிய குறையை ஈடு செய்தவர்கள் வீட்டு ஸ்திரீகளே. குடும்பத்தின் கூப்பன்களை எந்த மாதம் யாருக்குச் செலவிடுவது என்ற கணக்கு அவர்களிடமே இருந்தது. தாய்மார் பலர் தங்கள் பங்கைக் குழந்தைகளுக்கென்று விட்டுவிட்டனர். 1943-ல் வர்த்தக இலாகா, இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் வகைகளைக் கூறும் சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அக்காலத்தில் பெரிதும் கையாளப்பட்ட ஒரு முறை வருமாறு: படுக்கை விரிப்பு நடுவில்தான் முதலில் நையும். அதை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, நையாத ஓரங்கள் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பாகத்தை ஓரமாக்கி மடித்துத் தைத்தால், விரிப்பு இன்னும் சில காலம் உழைக்கும். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலை அலசி, முறுக்குப் போக உலர்த்தி மறுபடியும் பின்னுவதும் வழக்கம். ஆண்களின் கால்சட்டை நுனியை மடித்துத் தைக்கலாகாது என்று 1942-ல் தையற்காரருக்கு விதி ஏற்பட்டபோது, சிலர் நீளமான கால்சட்டையை வாங்கி மனைவியைக் கொண்டு வீட்டில் மடித்துக்கொண்டனராம்! அந்த வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

நமது சங்கங்களுக்கு மிகவும் ருசிக்கக்கூடியது குழந்தை உடைப் பரிவர்த்தனை நிலையம். 'வுமன்ஸ் வாலண்டரி சர்வீஸ்' என்னும் ஸ்திரீ தொண்டர் ஸ்தாபனத்தார் அதை நடத்தினர். குழந்தைக்குச் சிறுத்துப்போன உடையைத் தாய் கொண்டுவந்து கொடுத்தால், அதன் தகுதிக்கேற்பப் புள்ளிகள் வரவு வைக்கப்படும். அப்புள்ளிகளுக்கு ஈடாகப் பெரிய அளவுள்ள உடையை எடுத்துக்கொள்ளலாம். கூப்பன் செலவில்லை. கணக்குப் புத்தகங்களிலேயே பொழுதைக் கழிக்கும் என் போன்றோருக்கு இதைவிடச் செம்மையான பேரேடு கிடைப்பது அரிது.

இவ்வளவும் ஓய்வு நேரத்து வேலை என்று எண்ணலாகாது. 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டப்படி, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள் யுத்த சேவைக்கு அழைக்கப்பட்டனர். மணமானவரிலும் பலர் தொழிற்சாலைக்குச் சென்றனர். வேலை முடிந்து, கடை வரிசையில் நின்று, வீடு திரும்பிச் சமைத்த பின்னரே ஊசியை எடுத்தனர்.

யுத்தம் முடிந்தும் அவ்வேலை குறையவில்லை. படையிலிருந்து திரும்பிய ஆண்களுக்கு உடை வேண்டியிருந்தபடியால், 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் முடிய எட்டு மாதங்களுக்கு 24 கூப்பன்களே வழங்கப்பட்டன.