பட்டியலை வாங்குவதா, ஆளை நம்புவதா?

அக்கா மகன் சம்பளம் வாங்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "மாமா, இண்டெக்ஸ் ஃபண்டில் போடவா, மேனேஜர் பார்த்துப் பொறுக்குற ஃபண்டில் போடவா?"

நிஃப்டி 50, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியல். இண்டெக்ஸ் ஃபண்ட் அந்த ஐம்பது பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைக்கும். மேனேஜர் யோசித்து வாங்குவார். யோசிப்பதற்குக் கூலியும் உண்டு. இந்தியா போன்ற வளரும் சந்தையில் தகவல் எல்லோருக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேராது, அதனால் விவரமான மேனேஜர் ஜெயிப்பார் என்று வெகுநாளாகச் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் எந்தக் கோலால் அளந்தார்கள்? 2018 பிப்ரவரிக்கு முன்பு ஃபண்டுகள் பெரும்பாலும் டிவிடெண்ட் சேராத குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட்டுக்கொண்டன. வந்த டிவிடெண்ட் ஃபண்டின் கணக்கில் ஏறியது, குறியீட்டின் கணக்கில் ஏறவில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம், சும்மா கிடைத்த முன்னிலை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கோலை மாற்றச் சொன்ன பிறகு அது மறைந்தது.

"ஒரு சதவீதம்தானே மாமா?"

கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். பத்து லட்சம், இருபது வருஷம். 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 96 லட்சம். மேனேஜர் கூலியாக அதே ஒரு சதவீதம் போய் 11 ஆனால் சுமார் 80 லட்சம். அவன் போனை எடுத்துத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தான். அதே பதினாறு லட்சம் வித்தியாசம்.

பட்டியலுக்கும் கண் கிடையாது, அதையும் சொன்னேன். யெஸ் வங்கி 2015-ல் நிஃப்டிக்குள் வந்தது. 2020 மார்ச் 5 அன்று, வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியபோதும் பட்டியலில்தான் இருந்தது. இண்டெக்ஸ் ஃபண்ட் அந்தப் பங்கு விழுவதைப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தது. விலை விழ விழப் பட்டியலில் அதன் விகிதமும் தானாகவே சுருங்கியதால் அடி தாங்கும் அளவில் நின்றது.

பெரிய கம்பெனிகளுக்கான லார்ஜ் கேப் ஃபண்ட், குறைந்தது 80 சதவீதத்தை முதல் நூறு கம்பெனிகளில்தான் போட வேண்டும் என்பது செபி விதி. ஊரே பார்க்கும் அந்த நூறில் ஒருவர் மட்டும் புதிதாக எதைக் கண்டுபிடித்துவிடுவார்? 251-ஆம் இடத்திலிருந்து தொடங்கும் சின்னக் கம்பெனிகளில் கதை வேறு. கோயம்புத்தூரில் ஒரு சின்ன பம்ப் கம்பெனி என்று வை. அதன் டீலர்களிடம் உட்கார்ந்து, சரக்கு நகர்கிறதா, பாக்கி வருகிறதா என்று விசாரிக்கிறவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது தெரியும். அந்த அலைச்சலுக்கு நான் கூலி கொடுப்பேன்.

"அப்போ பெரிய கம்பெனிக்கு?"

"உனக்குப் பட்டியலே போதும்டா" என்றேன்.